முதுகெலும்பு அறுவையில் இரட்டைக் கேமரா வழிகாட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகெலும்பு அறுவையில் கேமராவும் கணினியும் என்ன செய்கின்றன என்று பேசப் போகும் இடமெல்லாம் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அறுவைக்குக் காத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டார், பொறியியல் மாணவர்கள், பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் என எல்லோரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். உங்கள் முதுகுக்கு எது ஏற்றது என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும். கருவி எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது மட்டுமே இந்தப் பக்கத்தின் பொருள்.

ஸ்டீரியோ பார்வை என்றால் என்ன? கேமரா எப்படித் தூரத்தை அளக்கும்?

ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னணிக்கு எதிரே விரல் இடம் மாறித் தாவும். விரலை அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும், தள்ளிக்கொண்டு போனால் சிறிதாகும். இரு கண்களுக்கும் கிடைக்கும் இந்த வேறுபாட்டிலிருந்தே நமக்கு ஆழம் தெரிகிறது என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் தம் ஸ்டீரியோஸ்கோப்பைக் கொண்டு நிறுவினார்.

கணினியும் இதையே செய்கிறது. ஒரு புள்ளி இடப்பக்கப் படத்தில் எந்தப் பிக்சலில் விழுகிறது, வலப்பக்கப் படத்தில் எந்தப் பிக்சலில் விழுகிறது என்று கண்டுபிடித்து, இரண்டுக்கும் உள்ள விலகலை எடுக்கிறது. கேமராக்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, அந்த விலகலால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். கணக்கு பள்ளிக்கூட முக்கோணவியல்தான். இரண்டு படங்களிலும் இருப்பது ஒரே புள்ளிதான் என்று உறுதி செய்வதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

முதுகெலும்பு அறுவைக்கு இது எதற்கு? மருத்துவர் கண்ணால் பார்த்துத்தானே செய்கிறார்?

அவர் பார்ப்பது முள்ளெலும்பின் பின்புறத்தை மட்டும். முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று நிலைநிறுத்த வேண்டியிருந்தால், பெடிக்கிள் என்னும் குறுகிய எலும்புத் தண்டின் வழியாகத் திருகாணியை உள்ளே செலுத்துகிறார்கள். பின்பக்க வளைவையும் முன்பக்கத்துத் தடித்த உடலையும் இணைப்பது அந்தத் தண்டு. அதன் உட்புறச் சுவரை ஒட்டித் தண்டுவடம் அல்லது நரம்புக்கற்றை ஓடுகிறது. கீழ்ச்சுவரை ஒட்டி நரம்பு வேர் வெளியேறுகிறது. திருகாணி முன்பக்கம் துளைத்து வெளியே வந்தால் பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன.

நடு மார்புப் பகுதியில் இந்தத் தண்டின் அகலம் பலருக்கு 4 அல்லது 5 மி.மீ.தான். செலுத்தும் திருகாணியின் விட்டமும் ஏறத்தாழ அதே அளவு. அனுபவமுள்ள கைகள் எலும்பின் மேடு பள்ளங்களை வைத்தே சரியான நுழைவிடத்தையும் கோணத்தையும் கண்டுபிடித்துவிடும். பல்லாண்டுகளாக அப்படித்தான் நடந்துவருகிறது. ஆனால் முதுகு பக்கவாட்டில் வளைந்து சுழன்றிருக்கும்போதும், தேய்மானத்தால் எலும்பின் அடையாளங்கள் உருமாறியிருக்கும்போதும் அந்த ஊகம் வழுக்கும் இடங்கள் உண்டு. அங்கேதான் அளவீட்டின் துணை தேவைப்படுகிறது.

அப்படியானால் கேமரா எலும்புக்குள்ளே பார்க்கிறதா?

இல்லை. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தின் மீதி எல்லாம் புரிந்துவிடும். கேமராவுக்குத் தெரிவது ஒளி படும் மேற்பரப்பு மட்டுமே. எலும்பின் உட்புறம் பற்றிய தகவல் முழுவதும் சி.டி. ஸ்கேனிலிருந்து வருகிறது. கேமரா அளந்த மேற்பரப்பையும் சி.டி. படத்தில் உள்ள அதே மேற்பரப்பையும் கணினி ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. ரெஜிஸ்ட்ரேஷன் என்று அறுவை அரங்கில் சொல்வது இதைத்தான். அது முடிந்த பிறகு, மருத்துவர் கருவியின் முனையை எலும்பில் எங்கே வைத்தாலும், சி.டி. படத்தில் அந்த இடம் திரையில் தெரியும்.

ஆகவே திரையில் காணும் உட்புறக் காட்சி, பொருத்தம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் பேரில் வரையப்பட்டது. பொருத்தம் பிசகினாலும் படம் அதே தெளிவோடுதான் இருக்கும். தெளிவைத் துல்லியத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறுவையைக் கணினியே செய்துவிடுமா?

செய்யாது. எங்கே இருக்கிறோம் என்று காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. ரோபோ கை இணைந்த அமைப்புகளில்கூட, அந்தக் கை திட்டமிட்ட கோணத்தில் ஒரு வழிகாட்டிக் குழாயைப் பிடித்து நிற்கிறது. அதன் வழியே துளையிட்டுத் திருகாணியைச் செலுத்துவது பெரும்பாலும் மருத்துவரின் கைதான்.

அரங்கில் எடுத்த படங்களில் கருவிகளின்மேல் சாம்பல் நிற உருண்டைகள் தெரிகின்றன. அவை எதற்கு?

அவை ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பூச்சுள்ள உருண்டைகள். சுவரிலோ தாங்கியிலோ உள்ள நீண்ட சட்டம் ஒன்றின் இரு முனைகளிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் இருக்கும். கேமராவைச் சுற்றியிருக்கும் விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை வீச, படத்தில் உருண்டைகள் மட்டும் பளிச்சிடும் வட்டங்களாக விழுகின்றன. மேலே சொன்ன 'ஒரே புள்ளிதானா' என்ற சிக்கல் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் படத்தில் வேறு எதுவுமே இல்லை. மூன்று நான்கு உருண்டைகளைத் தனித்தனி இடைவெளிகளில் அமைப்பதால், எது துளைக்கருவி, எது சுட்டுகோல் என்று கணினி பிரித்தறிகிறது.

இதிலும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. உருண்டைகளுக்கு இடையே 60 மி.மீ., அங்கிருந்து கருவியின் முனைக்கு 200 மி.மீ. என்று வையுங்கள். ஓர் உருண்டையில் இரத்தத் துளி ஒட்டி, அதன் மையம் 0.3 மி.மீ. தள்ளித் தெரிந்தால் போதும், முனையில் பிழை ஒரு மி.மீ. ஆகிவிடும். அரங்கில் செவிலியர் அடிக்கடி உருண்டைகளைத் துடைப்பதற்கும், கறைபட்டதை மாற்றுவதற்கும் காரணம் இதுதான். மிகச் சாதாரண வேலையாகத் தோன்றும், ஆனால் முழு அமைப்பின் துல்லியமும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உருண்டை எதுவும் இல்லாமல், எலும்பையே கேமரா பார்த்து அளக்க முடியாதா?

முடியும், என்னை மிகவும் ஈர்க்கும் பகுதியும் இதுவே. தசையை விலக்கி எலும்பின் பின்புறம் வெளிப்பட்டதும், இரண்டு கேமராக்கள் அதைப் படமெடுக்கின்றன. படத்திலிருந்து பல்லாயிரம் புள்ளிகள் கொண்ட முப்பரிமாணப் பரப்பு உருவாகிறது. முன்பெல்லாம் மருத்துவர் சுட்டுகோலால் எலும்பில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் புள்ளிகளைச் சேகரிக்க வேண்டும். மேற்பரப்பைப் படமாகவே எடுத்துவிட்டால் அந்த வேலை சில நொடிகளில் முடிகிறது. வேகம் என்பது இங்கே வசதி மட்டுமல்ல. பொருத்துவது எளிதாக இருந்தால், சந்தேகம் வரும்போதெல்லாம் மருத்துவர் தயங்காமல் மறுபடியும் பொருத்திப் பார்ப்பார்.

டொரன்டோவில் தொடங்கிய 7டி சர்ஜிக்கல் நிறுவனம் இந்த வழியில் போனது. அறுவை விளக்கின் தலைப்பகுதியிலேயே கேமராக்களையும் ஒளிக்கோலம் வீசும் கருவியையும் பொருத்தியது. 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி அதற்குக் கிடைத்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் கையில் பிடிக்கும் ஸ்டீரியோ கேமராவால் முதுகெலும்பின் பரப்பை எடுத்து, அதற்கேற்பப் பழைய சி.டி. படத்தைத் திருத்தும் முறையில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று: எலும்பை இப்படி அளந்த பிறகும், கருவியைத் தொடர்ந்து பின்பற்ற அதன்மேல் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. உருண்டைகள் முற்றிலும் விடைபெற்றுவிடவில்லை.

எலும்பு வெள்ளை, இரத்தம் சிவப்பு. கணினிக்குப் பிரித்துப் பார்ப்பது எளிதுதானே?

நிறத்தைப் பிரிப்பது ஓரளவு எளிது, புள்ளிகளை இணை சேர்ப்பது கடினம். சுத்தம் செய்த எலும்பு வழவழப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். இடப் படத்தில் உள்ள ஒரு வெள்ளைத் திட்டுக்கு வலப் படத்தில் ஒன்றுபோன்ற நூறு திட்டுகள் தெரியும். ஈரத்தின் பளபளப்பு இன்னும் மோசம். பளிச்சிடும் அந்த ஒளிப்புள்ளி எலும்பில் ஒட்டியிருப்பதில்லை, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நகர்கிறது. இரு கேமராக்களும் அதை வெவ்வேறு இடத்தில் காண்பதால், கணினி அதை எலும்புக்கு மேலேயோ கீழேயோ இருக்கும் பொய்ப் புள்ளியாகக் கணக்கிடும். ஆழமான காயத்தின் ஓரங்களில் ஒரு கேமராவுக்குத் தெரியும் இடம் மற்றதற்கு மறைந்திருக்கும்.

ஒளிக்கோலம் இதற்கு மருந்து. இருளும் வெளிச்சமுமான பட்டைகளை வரிசையாக எலும்பின்மேல் வீசினால், ஒவ்வொரு புள்ளிக்கும் தனக்கே உரிய ஒளிவரிசை கிடைத்துவிடுகிறது. வழவழப்பான பரப்பிலும் இணை சேர்க்கலாம். பட்டைகள் மாறி முடியும்வரை காட்சி அசையக் கூடாது, அரங்க விளக்கு குறுக்கிடக் கூடாது. இரத்தம் தேங்கியிருந்தால் கேமரா அளப்பது இரத்தத்தின் மட்டத்தை. எலும்பில் ஒட்டிய தசைத்துணுக்கும் அப்படியே, சி.டி.யிலிருந்து பிரித்தெடுத்த எலும்புப் பரப்பில் அது கிடையாது. படமெடுப்பதற்குமுன், அடுத்தடுத்த முள்ளெலும்புகள் சேரும் ஃபேசட் மூட்டுகளின்மேலும், பின்பக்க வளைவின் தகடு போன்ற பகுதியான லாமினாவின்மேலும் உள்ள மென்திசுவை நன்றாகச் சுரண்டி எடுக்கும் மருத்துவரே நல்ல பொருத்தத்தைப் பெறுகிறார்.

ஒரு மில்லிமீட்டர் பிழை பெரிய விஷயமா?

எந்த முள்ளெலும்பு என்பதைப் பொறுத்தது. 2001-இல் ராம்பர்சாட் குழுவினர் பெடிக்கிளின் அளவையும் திருகாணியின் அளவையும் வைத்து, எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று கணக்கிட்டார்கள். இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்பில் 3.8 மி.மீ. நகர்வும் 12.7 டிகிரி சாய்வும் வரை இடமிருந்தது. மார்பின் ஐந்தாம் முள்ளெலும்பில் கிடைத்த விடை பூஜ்யம், பூஜ்யம். திருகாணி தண்டை முழுவதுமாக நிரப்பிவிடுவதால் விலக இடமே இல்லை.

நடைமுறையில் எலும்புச் சுவரைச் சற்றே தாண்டிய திருகாணிகள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கெர்ட்ஸ்பைன், ராபின்ஸ் இருவரும் 1990-இல் தந்த தரவரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தண்டுக்குள் முழுவதும் அடங்கினால் 'ஏ', 2 மி.மீ.க்குள் வெளியேறினால் 'பி', பிறகு இரண்டு இரண்டு மி.மீ.யாகக் கூடிக்கொண்டே போகும். முதல் இரண்டு தரங்களையும் ஏற்கத்தக்கவை என்றே ஆய்வுகள் எண்ணுகின்றன.

கேமராவை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்? தள்ளிவைத்தால் என்ன ஆகும்?

ஆழத்தின் பிழை தூரத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: குவியத் தூரம் 2,000 பிக்சல், கேமராக்களின் இடைவெளி 100 மி.மீ., இணை சேர்ப்பதில் பிழை அரை பிக்சல். அரை மீட்டர் தூரத்தில் ஆழப் பிழை ஏறத்தாழ 0.6 மி.மீ. அதே அமைப்பை ஒரு மீட்டருக்குத் தள்ளினால் பிழை 2.5 மி.மீ. ஆகிவிடும். தூரம் இரண்டு மடங்கு, பிழை நான்கு மடங்கு.

கேமராக்களை அகலமாக விலக்கி வைத்தால் இந்தப் பிழை குறையும். ஆனால் இரு காட்சிகளும் மிகவும் வேறுபட்டுப் போய், இணை சேர்ப்பது கடினமாகும், மறைவுகளும் கூடும். உருண்டைகளைப் பின்பற்றும் கருவிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு வட்டத்திலும் பல பிக்சல்கள் இருப்பதால் மையத்தைப் பிக்சலின் சிறு பின்னம்வரை கணக்கிடலாம், சட்டமும் அரை மீட்டர் அளவுக்கு நீளமாக இருக்கலாம். ஓரிரு மீட்டர் தள்ளி நின்றே கால் மி.மீ. அளவில் அது அளப்பதன் காரணம் இதுதான். அது கருவியின் அளவீட்டுப் பிழை மட்டும். திருகாணியின் பிழை வேறு. பின்னால் வருகிறேன்.

நோயாளி மூச்சு விடுகிறாரே, எலும்பு அசையாதா?

அசையும். மருத்துவர் துளைக்கருவியை அழுத்தும்போதும் அசையும். அதனால்தான் முள்ளெலும்பின் பின்முனையிலோ இடுப்பெலும்பின் விளிம்பிலோ ஒரு குறிச்சட்டத்தை இறுக்கிப் பொருத்துகிறார்கள். கணினி எல்லா இடங்களையும் அதற்கு ஒப்பிட்டே அளக்கிறது. எலும்பும் சட்டமும் சேர்ந்து அசைந்தால் கவலையில்லை.

சேர்ந்து அசையாதபோதுதான் கவலை. சட்டம் ஒரு முள்ளெலும்பில் இருக்க, நான்கு முள்ளெலும்பு தள்ளி வேலை நடந்தால், நடுவில் உள்ள மூட்டுகள் எல்லாம் வளையக்கூடியவை. குறிச்சட்டத்திலிருந்து விலக விலக நம்பகம் குறைகிறது. யாராவது முழங்கையால் சட்டத்தை இடித்துவிட்டால் பொருத்தம் முழுவதும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். சட்டம் இடம் மாறியதைக் கணினியால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அதன் உலகத்தின் மையமே அந்தச் சட்டம்தான்.

சி.டி. எடுத்தபோது மல்லாந்து படுத்திருந்தேன். அறுவையில் குப்புறப் படுக்க வைப்பார்கள். பழைய படம் எப்படிப் பொருந்தும்?

மிக நல்ல கேள்வி. ஒவ்வொரு முள்ளெலும்பும் கெட்டியானது, அதன் வடிவம் மாறாது. முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள கோணங்கள் மாறும். ஆகவே முழு முதுகையும் ஒரே துண்டாக எண்ணிப் பொருத்தினால் நடுவில் சரியாகவும் இரு முனைகளிலும் தவறாகவும் வரும். முன்கூட்டியே எடுத்த சி.டி.யைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனித்தனியாகப் பொருத்துவதே பாதுகாப்பு. ஸ்டீரியோ முறையில் ஒரு பொருத்தம் சில நொடிகளே பிடிப்பதால் இது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மற்றொரு வழி, குப்புறப் படுத்த நிலையிலேயே அரங்கில் சி.டி. எடுத்துவிடுவது. அப்போதும் அறுவையின் நடுவே எலும்பை வெட்டி வளைவை நிமிர்த்திய பிறகு அந்தப் படம் பழையதாகிவிடும்.

சிறு கீறல்கள் வழியாகச் செய்யும் அறுவையில் இது உதவுமா?

எலும்பு வெளியே தெரியாததால் மேற்பரப்பைப் படமெடுக்கும் முறைக்கு அங்கே வேலையில்லை. உருண்டைகளைப் பின்பற்றும் முறை அங்கேயும் செல்லும். அரங்கில் எடுக்கும் சி.டி.யோடு, எலும்பில் ஊன்றிய குறிச்சட்டத்தின் துணையால் பொருத்தம் தானாகவே அமைந்துவிடும்.

கதிர்வீச்சு குறையுமா?

கேமராவில் கதிர்வீச்சு கிடையாது. சி-ஆர்ம் என்னும் நகர்த்தக்கூடிய எக்ஸ்-ரே கருவியால் படங்களைத் திரும்பத் திரும்ப எடுக்கும் தேவை குறைவதால், நாள்தோறும் அரங்கில் நிற்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பெரிய நன்மை. நோயாளியின் கணக்கு வேறு. சி.டி. ஸ்கேன் எப்படியும் ஒன்று வேண்டும், அரங்கில் இன்னொன்று எடுத்தால் அதுவும் சேரும். ஏற்கெனவே எடுத்த ஸ்கேனையே மேற்பரப்பு முறை பயன்படுத்திக்கொள்வது அதன் உண்மையான பலம். அந்த ஸ்கேன் மெல்லிய அடுக்குகளாக, ஒரு மி.மீ. அளவிலோ அதற்குக் குறைவாகவோ எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தலையில் அணியும் கண்ணாடியில் முதுகெலும்பு தெரியும் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

அடிப்படை ஒன்றே, காட்டும் விதம் வேறு. ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் தலைக்கருவிக்கு 2019 இறுதியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதில் பின்பற்றும் கேமரா மருத்துவரின் தலையிலேயே இருக்கிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்களும் பிலிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பில் எக்ஸ்-ரே கருவியின் சட்டத்தில் நான்கு கேமராக்கள் உள்ளன. நோயாளியின் தோலில் ஒட்டிய குறிகளை அவை பின்பற்றுகின்றன.

கண் திரைக்கும் காயத்துக்கும் இடையே ஓடாமல் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் எலும்பின்மேலேயே படம் மிதப்பதால், அது உண்மை என்ற எண்ணம் இன்னும் ஆழமாகப் பதியும். கேமரா எலும்புக்குள்ளே பார்க்கிறதா என்ற கேள்விக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே இருமடங்கு பொருந்தும்.

அறுவை நுண்ணோக்கியிலேயே இரண்டு பார்வைப் பாதைகள் இருக்கின்றனவே. அதில் கேமரா பொருத்தினால் போதாதா?

செய்கிறார்கள். பாதைகளின் இடைவெளி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்றாலும், உருப்பெருக்கம் அதிகம், தூரம் குறைவு. எனவே ஆழம் நன்றாகவே கிடைக்கும். தொல்லை வேறோர் இடத்தில். மருத்துவர் உருப்பெருக்கத்தையோ குவியத்தையோ மாற்றிய உடனே, கேமராக்களின் குவியத் தூரத்தையும் இடைவெளியையும் முன்கூட்டி அளந்து வைத்த அளவுத்திருத்தம் செல்லாததாகிவிடும். ஒவ்வோர் அமைப்புக்கும் முன்கூட்டியே அளவுத்திருத்தம் செய்து வைத்து, இடைப்பட்ட நிலைகளுக்குக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நான் பொறியியல் மாணவன். இரண்டு வெப் கேமராக்களை வைத்துச் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பிளாஸ்டிக் முதுகெலும்பு மாதிரி ஒன்றும், அளவுத்திருத்தத்துக்குத் தட்டையான பலகையில் ஒட்டிய சதுரங்கக் கட்டமும், ஓப்பன்சிவி மென்பொருளும் போதும். இரண்டு கேமராக்களும் ஒரே கணத்தில் படமெடுக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சாதாரண வெப் கேமராக்கள் அப்படி எடுப்பதில்லை, மாதிரி அசையாமல் இருக்கும்வரை பரவாயில்லை. தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். கேமராக்களைக் கெட்டியான ஒரே தகட்டில் இறுக்குங்கள், கை பட்டால் நகரும் தாங்கியில் வைத்தால் அளவுத்திருத்தம் நிலைக்காது.

அழகான வண்ண ஆழப்படம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் காலிப்பரால் அளந்து, உங்கள் அமைப்பு சொல்வதோடு ஒப்பிடுங்கள். மாதிரியைச் சாய்த்தும், தள்ளிவைத்தும், ஈரப்படுத்தியும் அதையே திரும்பச் செய்யுங்கள். இதைச் செய்த மாணவர்களோடு பேசும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனி. அவர்களுக்குப் பிழையின் சுபாவம் தெரிந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இணை சேர்க்கும் சிக்கல் தீர்ந்துவிடாதா?

ஓரளவு தீர்ந்திருக்கிறது. பயிற்சி பெற்ற வலைப்பின்னல்கள் வழவழப்பான பரப்பிலும் சீரான ஆழப்படத்தைத் தருகின்றன. என் தயக்கமும் அந்தச் சீரில்தான். தகவல் இல்லாத இடத்தில் பழைய முறை ஓட்டை விடும். வலைப்பின்னல் தான் கற்றதை வைத்து அந்த ஓட்டையை நிரப்பிவிடும், நிரப்பியதும் அளந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரத்தம் தோய்ந்த உண்மையான முதுகெலும்பின் சரியான ஆழத்தை மி.மீ. அளவில் முன்கூட்டித் தெரிந்து பயிற்சி கொடுப்பதும் எளிதல்ல. எந்தப் புள்ளியில் எவ்வளவு நம்பிக்கை என்று சொல்லாத முறையை முதுகெலும்புக்கு அருகே கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சி.டி. படத்தில் முள்ளெலும்புகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வேலையில் இதே தொழில்நுட்பம் நல்ல பலன் தருகிறது. அங்கே விடையை மருத்துவர் நிதானமாகச் சரிபார்க்க நேரமும் இருக்கிறது.

ஏற்கெனவே ஒருமுறை அறுவை நடந்த முதுகில் இது வேலை செய்யுமா?

கவனம் கூடுதலாக வேண்டும். முந்தைய அறுவையில் லாமினாவை எடுத்திருந்தால் பொருத்துவதற்கான மேடு பள்ளங்கள் குறைந்துபோயிருக்கும், தழும்புத் திசு எலும்பை மூடியிருக்கும், பழைய உலோகம் சி.டி. படத்தில் கோடுகளைப் பரப்பியிருக்கும். முந்தைய அறுவைக்குப் பின் எடுத்த புதிய ஸ்கேன் கட்டாயம். பல நேரங்களில் அரங்க சி.டி.யே சிறந்த வழி.

திரையில் பொருத்தப் பிழை 0.5 மி.மீ. என்று வருகிறது. நம்பித் துளையிடலாமா?

அந்த எண்ணை மட்டும் நம்பித் துளையிடக் கூடாது. அது சொல்வது இவ்வளவே: கேமரா எடுத்த புள்ளிகள், பொருத்திய பிறகு சி.டி. பரப்பிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன. நமக்கு வேண்டியதோ, திருகாணியின் முனை போகும் இடத்தில் எவ்வளவு பிழை என்பது. முதல் எண் சிறியதாக இருப்பதால் இரண்டாவதும் சிறியதாக இருக்கும் என்று கொள்ள முடியாது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்பேட்ரிக், குறிப்புள்ளிகளைக் கொண்டு பொருத்தும் முறையில் இவ்விரண்டு பிழைகளுக்கும் ஒட்டுறவில்லை என்று கணித வழியில் காட்டியிருக்கிறார். இருந்தும் திரையின் பச்சை எண்ணைப் பார்த்து நிம்மதியடையும் பழக்கம் போகவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? லாமினாவின் ஒரு தட்டையான பகுதி மட்டும் வெளிப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். தட்டையான பரப்பைத் தட்டையான பரப்பின்மேல் நகர்த்தினாலும் இடைவெளி தோன்றாது, பல மி.மீ. வழுக்கிப்போனாலும் எண் அழகாகவே இருக்கும். பின்முனை, இருபுற ஃபேசட் மூட்டுகள், குறுக்கு முனையின் அடிப்பகுதி எனப் பல திசைகளில் திரும்பிய பரப்புகள் சேர்ந்தால்தான் எலும்பு எந்தப் பக்கமும் வழுக்க முடியாமல் பூட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் இலட்சம் புள்ளிகள் எடுப்பதைவிட, பரவலான இடங்களில் ஆயிரம் புள்ளிகள் எடுப்பது மேல்.

கோணப் பிழையும் மேற்பரப்பில் தலைகாட்டாது. இரண்டு டிகிரி சாய்ந்து பொருந்தினால் எலும்பின் மேல்பகுதியில் அது ஏறக்குறைய தெரியாது. 40 மி.மீ. ஆழத்தில் அதுவே 1.4 மி.மீ. விலகலாக வளர்ந்துவிடும். மார்புப் பகுதிக்குச் சொன்ன கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பக்கத்து முள்ளெலும்பில் தவறாகப் பொருந்திவிட வாய்ப்பு உண்டா?

உண்டு. அடுத்தடுத்த முள்ளெலும்புகள் உடன்பிறந்தவைபோல இருக்கும், குறிப்பாக மார்புப் பகுதியில். பொருத்தும் கணக்குமுறைகள் தொடக்க ஊகத்திலிருந்து படிப்படியாகச் சரிசெய்துகொண்டே போகும். தொடக்கம் ஒரு படி தள்ளி இருந்தால், அங்கேயே நன்றாகப் பொருந்தி நின்றுவிடும். பிழை எண்ணும் பயமுறுத்தாது. எத்தனையாவது முள்ளெலும்பு என்பதை எக்ஸ்-ரேயில் எண்ணி உறுதி செய்வதை எந்தக் கேமராவும் இன்னும் தேவையற்றதாக்கவில்லை. சிலருக்கு இடுப்புப் பகுதியில் ஐந்துக்குப் பதில் நான்கோ ஆறோ முள்ளெலும்புகள் இருக்கும். எண்ணும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதனால் நோயாளிக்குப் பலன் உண்டு என்று நிரூபித்திருக்கிறார்களா?

திருகாணி சரியான இடத்தில் அமைவது கூடுகிறது என்பதற்குச் சான்று வலுவானது. காஸ்மோபுலோஸ், ஷிசாஸ் இருவரும் 2007-இல் 130 ஆய்வுகளிலிருந்து 37,337 திருகாணிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளிடம் நடந்த அறுவைகளில் துல்லியத்தின் நடுமதிப்பு நேவிகேஷனோடு, அதாவது இத்தகைய கணினி வழிகாட்டுதலோடு, 95.2 விழுக்காடு, அது இல்லாமல் 90.3 விழுக்காடு. இவை எல்லா வகை நேவிகேஷனும் சேர்ந்த எண்கள், மேற்பரப்பு ஸ்டீரியோ முறைக்கு மட்டுமானவை அல்ல.

வலி குறைகிறதா, நடை திரும்புகிறதா என்பது வேறு கேள்வி. சற்றே விலகிய திருகாணி பலருக்குத் தொல்லை தராது என்று முன்பே சொன்னேன். நரம்புக் காயம் அரிது என்பதால், வேறுபாட்டைக் காட்ட மிகப் பெரிய ஆய்வுகள் வேண்டும். உங்கள் வலி தீர்வது திருகாணியின் இடத்தைவிட, அறுவை தேவைதானா என்ற முதல் முடிவைப் பொறுத்தே அதிகம் அமையும். மருத்துவரிடம் 'கருவி இருக்கிறதா' என்று கேட்பதற்குமுன் 'எனக்கு அறுவை ஏன்' என்று கேளுங்கள்.

திரை ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

இளம் மருத்துவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. முரண்பாடு தெரிந்த அந்த நொடியில் இரண்டையும் நம்பாமல் கையை நிறுத்த வேண்டும். சுட்டுகோலை எடுத்து, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஓர் அடையாளத்தைத் தொடுங்கள்: பின்முனையின் நுனி, ஃபேசட்டின் விளிம்பு, ஏற்கெனவே செலுத்திய திருகாணியின் தலை. ஓர் அடையாளம் போதாது, வெவ்வேறு திசைகளில் குறைந்தது மூன்று வேண்டும். திரையில் முனை எலும்புக்குள் புதைந்தோ காற்றில் மிதந்தோ தெரிந்தால் பொருத்தம் போய்விட்டது. உருண்டைகளைத் துடையுங்கள், குறிச்சட்டம் ஆடுகிறதா என்று பாருங்கள், மறுபடியும் பொருத்துங்கள்.

அடையாளங்கள் எல்லாம் சரியாக இருந்தும் துளைக்கருவி மெத்தென்று இறங்கினால், உருண்டை முனைக் கம்பியால் துளையின் நான்கு சுவர்களையும் அடியையும் தடவிப் பார்க்க வேண்டும். எலும்புச் சுவர் விட்டுப்போயிருந்தால் கம்பி அதைச் சொல்லும், கேமரா சொல்லாது. நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி இணைத்திருந்தால் அதன் அளவையும் கேளுங்கள். அப்போதும் தெளிவு கிடைக்காவிட்டால் அந்த முள்ளெலும்புக்கு நேவிகேஷனை ஒதுக்கிவிட்டு எக்ஸ்-ரே பார்த்துத் தொடரலாம். அதுவும் போதாதபோது அந்தத் திருகாணியையே விட்டுவிட்டு, அடுத்த முள்ளெலும்பில் ஊன்றிக்கொள்வதும் முறையான தீர்வே.